ரிங்கின் கதை – 14: வாங்கியவர் வாக்குமூலம்

1979 செப்டம்பர் 28, லாஸ் வேகாஸ். ஆறு சுற்றுகளாக லேரி ஹோம்ஸ் தன் இடது கை ஜாபால் எர்னி ஷேவர்ஸை எட்டத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார். புள்ளிக்கணக்கில் நல்ல முன்னிலை. ஏழாவது சுற்றில் ஷேவர்ஸின் வலது கை தோளுக்கு மேலிருந்து வளைந்து இறங்கியது. ஒரே குத்துதான். உலக சாம்பியன் மல்லாக்க விழுந்தார். நடுவர் எண்ணத் தொடங்கியபோது அவர் எழுவார் என்று அரங்கில் பலர் நம்பியிருக்க மாட்டார்கள். எப்படியோ எழுந்தார், தள்ளாடினார், அந்தச் சுற்றைக் கடந்தார். 11வது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தியபோது ஜெயித்தது ஹோம்ஸ்தான்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1988 ஜனவரி 22 அன்று, அட்லாண்டிக் சிட்டியில் 21 வயது மைக் டைசனுக்கு எதிரே அதே ஹோம்ஸ் நின்றார். இப்போது வயது 38. நான்காவது சுற்றில் மூன்று முறை விழுந்தார், சண்டை முடிந்தது. நீண்ட வாழ்க்கையில் ஹோம்ஸை அப்படி அடித்து நிறுத்தியவர் டைசன் ஒருவர்தான்.

பிற்காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் ஹோம்ஸ் சொன்ன பதில் ஒன்றே. தான் வாங்கியதிலேயே கனமான குத்து ஷேவர்ஸுடையது, டைசனுடையதைவிடக் கனம். தன்னை வீழ்த்தியவரை விட்டுவிட்டு, தான் வீழ்த்தியவரைச் சொன்னார். இந்த வாக்குமூலத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் வீரர்களில் யார் குத்து பெரிது என்ற நூறு வருடச் சண்டையில் கடைசியாக நம்பத் தகுந்தது வாங்கியவன் வாய்ச்சொல்தான் என்பது என் கட்சி. அதற்கும் ஓட்டைகள் உண்டு. அவற்றையும் பார்ப்போம்.

முதலில் எல்லோரும் கையில் எடுப்பது நாக்அவுட் கணக்கு. பரவலாக அச்சாகும் பட்டியலின்படி ஷேவர்ஸ் 74 வெற்றிகளில் 68 பேரை வீழ்த்தினார். ஜார்ஜ் ஃபோர்மனுக்கு 76 வெற்றி, அவருக்கும் 68. ராக்கி மார்சியானோவுக்கு 49இல் 43. டியான்டே வைல்டர் 2018இல் டைசன் ஃப்யூரியை முதன்முதலாகச் சந்திக்கும்போது 40 வெற்றி, அதில் 39 நாக்அவுட். ஜோ லூயிஸுக்கு 66 வெற்றியில் 52தான். இந்த விகிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் லூயிஸ் கடைசி ஆள். ஆனால் 2003இல் ‘தி ரிங்’ இதழ் எல்லா எடைப் பிரிவினரையும் சேர்த்து நூறு பெரும் குத்தாளிகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் லூயிஸுக்கே போனது. ஃபோர்மன் ஒன்பதாவது, ஷேவர்ஸ் பத்தாவது. எண்ணிக்கை யாரை வீழ்த்தினோம் என்று பார்ப்பதில்லை. லூயிஸ் சாம்பியனாக இருந்த 1937 முதல் 1949 வரை பட்டத்தை 25 முறை காத்தார்.

சரி, கருவி வைத்து அளந்துவிடலாமே? அளந்தார்கள். 1985இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபிராங்க் புருனோவை அழைத்து, ஊசலாகத் தொங்கிய, மெத்தை சுற்றிய கனமான இலக்கை ஓங்கிக் குத்தச் சொன்னார்கள். கை கிளம்பி பத்தில் ஒரு நொடிக்குள் 49 சென்டிமீட்டர் தூரம் போய், நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் மோதியது. உச்ச விசை 4,096 நியூட்டன். ஏறக்குறைய 418 கிலோ எடை ஒரு கணம் வந்து உட்கார்வது மாதிரி. 6 கிலோ மரச் சம்மட்டிக்கு மெத்தை கட்டி மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் என்ன ஆகுமோ அதுதான் புருனோவின் குத்து என்று அவர்கள் எழுதினார்கள்.

அந்தச் சம்மட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மார்சியானோ பற்றிய ஒரு பழைய கதைக்குப் போவோம். அவருடைய நாக்அவுட் குத்தில் 1,000 பவுண்ட் எடையைத் தரையிலிருந்து ஒரு அடி தூக்கும் ஆற்றல் இருக்கிறது, கவசத்தைத் துளைக்கும் தோட்டாவைவிட அது அதிகம் என்று ஒரு சோதனை முடிவு பல பத்தாண்டுகளாக எடுத்தாளப்படுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 பவுண்டை ஒரு அடி தூக்க ஏறக்குறைய 1,356 ஜூல் வேண்டும். புருனோவின் சம்மட்டியில் இருப்பது சுமார் 240 ஜூல். அதே சம்மட்டி 1,356 ஜூலை எட்ட வேண்டுமானால் மணிக்கு 76 கிலோமீட்டர் வேகத்தில் வர வேண்டும். எந்த மனிதக் கையும் அவ்வளவு கனத்தோடு அந்த வேகத்தில் வராது. மார்சியானோ மீது எனக்கு உள்ள மரியாதையால்தான் சொல்கிறேன்: அந்த எண்ணை விட்டுவிடலாம். அவருக்கு அது தேவையில்லை. 1952 செப்டம்பர் 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில், 12 சுற்றுகளாகப் புள்ளியில் பின்தங்கியிருந்த மார்சியானோ, 13வது சுற்றில் ஜெர்சி ஜோ வால்காட்டின் தாடையில் வைத்த வலது கையின் படம் இருக்கிறது. அந்தக் கை பயணம் செய்த தூரம் மிகக் குறைவு. வால்காட்டின் முகம் அடையாளம் தெரியாமல் கோணிப்போயிருக்கும். பிறகு அவர் ஒரு கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, மெதுவாக மண்டியிட்டுச் சரிந்தார். அன்று மார்சியானோவின் எடை 184 பவுண்ட், அதாவது 83 கிலோ. இன்றைய கணக்கில் அவர் ஹெவிவெயிட்டே இல்லை. 200 பவுண்டுக்கு உட்பட்ட க்ரூஸர்வெயிட்.

கருவிகள் ஒரு நல்ல செய்தியையும் சொல்லின. ஒலிம்பிக் வீரர்கள் ஏழு பேரை, சிறிய ஃப்ளைவெயிட் முதல் சூப்பர் ஹெவிவெயிட் வரை, அளந்த 2005ஆம் ஆண்டு ஆய்வில் சராசரிக் கைவேகம் நொடிக்கு 9 மீட்டரைச் சற்றே தாண்டியது. பெரியவர்களின் குத்து வலுவாக இருந்ததற்கு முக்கியக் காரணம், கைக்குப் பின்னால் எவ்வளவு உடம்பு சேர்ந்து வருகிறது என்பது. சராசரியாக அது 2.9 கிலோதான். நூறு கிலோ மனிதனும் தன் உடம்பில் ஒரு சிறு பங்கைத்தான் குத்துக்குள் அனுப்ப முடிகிறது. குத்துச்சண்டைக் கூடங்களில் வாத்தியார்கள் காலை ஊன்று, இடுப்பைத் திருப்பு என்று நாள் முழுக்கக் கத்துவது அந்தப் பங்கைக் கூட்டத்தான்.

இந்த வித்தையில் முதல் மேதை பாப் ஃபிட்ஸிம்மன்ஸ். இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த கொல்லர். மெலிந்த கால்கள், பட்டறையில் சம்மட்டி அடித்து அகன்ற தோள்கள். 1897 மார்ச் 17 அன்று நெவாடாவின் கார்சன் சிட்டியில் ஜிம் கார்பெட்டைச் சந்தித்தபோது அவர் எடை 167 பவுண்ட், அதாவது 76 கிலோ. 14வது சுற்றில் கால்களை மாற்றி ஊன்றி, இடது கையை கார்பெட்டின் நெஞ்சுக்குழியில் இறக்கினார். கார்பெட் மயங்கவில்லை. நினைவு முழுசாக இருந்தது. மூச்சு மட்டும் வரவில்லை. கயிற்றை எட்டிப் பிடிக்கத் தரையில் தவழ்ந்தார். பத்து எண்ணி முடிந்தது. நெஞ்சுக்குழிக் குத்து என்று உலகமெங்கும் அதற்குப் பெயரே வந்தது.

அடுத்த பெரிய சாட்சி ஜெஸ் வில்லார்ட். 6 அடி 6 அங்குலத்துக்கும் மேல் உயரம். 1915இல் ஹவானாவின் வெயிலில் ஜாக் ஜான்சனின் குத்துகளை 25 சுற்றுகள் தாங்கி, 26வது சுற்றில் அவரை வீழ்த்திய மனிதர். அவர் மீது 1919 ஜூலை 4 அன்று ஒஹாயோவின் டொலீடோவில் ஜாக் டெம்ப்ஸி பாய்ந்தார். வில்லார்ட் 245 பவுண்ட், டெம்ப்ஸி 187. முதல் சுற்றில் மட்டும் வில்லார்ட் ஏழு முறை விழுந்தார். மூன்று சுற்று முடிந்ததும் மூலையில் உட்கார்ந்தவர் எழவில்லை.

58 பவுண்ட் வித்தியாசத்தைத் தாண்டி இவ்வளவு அடியா என்ற திகைப்பிலிருந்துதான் சந்தேகம் முளைத்தது. டெம்ப்ஸியின் மேலாளராக இருந்த ஜாக் கியர்ன்ஸ் இறந்த பிறகு, கைக்கட்டில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தடவியதாக அவர் சொன்ன கதை 1964இல் ஒரு பெரிய அமெரிக்க இதழில் வெளிவந்தது. டெம்ப்ஸி கொதித்து வழக்குத் தொடுத்தார். நான் டெம்ப்ஸி பக்கம். பிளாஸ்டரைத் தேடுவதற்கு முன் அன்றைய விதியைப் பாருங்கள். விழுந்தவனை விட்டு எதிர்மூலைக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. படச்சுருளில் டெம்ப்ஸி, வில்லார்டின் முதுகுப்பக்கம் நின்று காத்திருப்பதும், முழங்கால் தரையை விட்டு எழும் கணத்தில் மீண்டும் அடிப்பதும் தெரிகிறது. ஏழு வீழ்ச்சிகளில் பல, பாதி எழுந்தவன் மீது விழுந்த அடிகள். கையுறையும் இன்றைய 10 அவுன்ஸ் கையுறையில் பாதி கனம்தான். வில்லார்டுக்கு 37 வயது. மூன்று ஆண்டுகளாகப் பட்டத்துக்கு ஒரு சண்டையும் இல்லை. இத்தனையும் சேர்ந்த இடத்தில் டெம்ப்ஸியின் இடது ஹூக் போய்ச் சேர்ந்தது.

காலங்களை ஒப்பிடுகிறவர்கள் நழுவும் இடம் இதுதான். டெம்ப்ஸியின் குத்தையும் வைல்டரின் குத்தையும் பக்கத்தில் வைத்தால், நடுவில் கையுறை, விதி, எதிராளியின் எடை எல்லாமே மாறியிருக்கிறது. மாறாதது ஒன்று உண்டு என்று எனக்குப் படுகிறது: தாடை. அது கழுத்தின் மேல் ஒரு கைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் அடி பட்டால் தலை சட்டென்று சுழல்கிறது. மூளை அந்தச் சுழற்சியோடு சேர்ந்து வர முடியாமல் திணறுகிறது. பொறி கலங்குவது அங்கேதான். வருவது தெரிந்தால் கழுத்து இறுகிப் பாதியைத் தாங்கிவிடும். தெரியாமல் வந்தால் எதுவும் தாங்காது. 1927இல் ஜாக் ஷார்கிக்கு நேர்ந்தது அதுதான். டெம்ப்ஸி இடுப்புக்குக் கீழே அடிக்கிறார் என்று நடுவரிடம் முறையிட முகத்தைத் திருப்பினார். திரும்பிய தாடையில் ஹூக் விழுந்தது. ஏழாவது சுற்றில் முடிந்தது.

அந்த ஷார்கி எனக்கு முக்கியமானவர். டெம்ப்ஸி, ஜோ லூயிஸ் இருவரோடும் ரிங்கில் மோதிய ஒரே மனிதர். 1936இல் லூயிஸ் அவரை மூன்று சுற்றில் முடித்தார். ஷார்கியைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஒரு சங்கிலி கிடைத்தது. சல்லிவனை கார்பெட் வென்றார். கார்பெட்டை ஃபிட்ஸிம்மன்ஸ், ஃபிட்ஸிம்மன்ஸை ஜெஃப்ரீஸ், ஜெஃப்ரீஸை ஜான்சன், ஜான்சனை வில்லார்ட், வில்லார்டை டெம்ப்ஸி. டெம்ப்ஸியிடம் ஷார்கி வாங்கினார், லூயிஸிடமும் வாங்கினார். லூயிஸ் மார்சியானோவிடம், மார்சியானோவிடம் ஆர்ச்சி மூர், மூர் பிறகு 1962இல் இளம் காசியஸ் கிளேயிடம், அதாவது முகமது அலியிடம். அலி ஹோம்ஸிடம், ஹோம்ஸ் டைசனிடம், டைசன் லெனாக்ஸ் லூயிஸிடம், லெனாக்ஸுக்கு எதிரே 2003இல் விட்டாலி கிளிட்ச்கோ. 1892 முதல் 2003 வரை 111 ஆண்டுகள். ஒரு கண்ணிகூட அறுபடாமல் தாடைக்குத் தாடை குத்து கைமாறி வந்திருக்கிறது.

இதில் உள்ள ஓட்டையையும் மறைக்கக் கூடாது. ஏறக்குறைய ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பக்கம் முதுமை நிற்கிறது. 1951 அக்டோபரில் மார்சியானோ அடித்து கயிறுகளுக்கு வெளியே தள்ளிய லூயிஸுக்கு 37 வயது, தலையில் வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. சிறுவயதிலிருந்து தான் வணங்கிய மனிதரை இப்படி வீழ்த்த நேர்ந்ததே என்று மார்சியானோ உடைமாற்றும் அறையில் அழுதார் என்பார்கள். நாம் ஒப்பிட வேண்டிய லூயிஸ் அவர் இல்லை. 1938 ஜூன் 22 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 நொடிகளில் முடித்தவர்தான் லூயிஸ். அன்று பக்கவாட்டில் விழுந்த ஒரு குத்தில் ஷ்மெலிங் கத்திய கத்தல் அரங்கில் கேட்டது. முதுகெலும்பின் பக்கவாட்டு எலும்பு முறிந்திருந்தது. லூயிஸ் கையை ஓங்குவதே இல்லை. ஓங்கினால் எதிராளிக்குத் தெரிந்துவிடும். சில அங்குலத்துக்குள் முடிந்துவிடும் அந்தக் குத்தை இன்றும் படத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். அது கிளம்பிய இடத்தை என்னால் பிடிக்க முடிந்ததில்லை.

ஃபோர்மன் முற்றிலும் வேறு மாதிரி. அவர் ஓங்குவார், வீசுவார், வருவது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பயனில்லை. 1973 ஜனவரி 22 அன்று கிங்ஸ்டனில் ஜோ ஃபிரேசியரை இரண்டு சுற்றில் ஆறு முறை தள்ளினார். ஒரு குத்தில் ஃபிரேசியரின் பாதங்கள் தரையை விட்டுக் கிளம்பின. தடுத்த கையையும் சேர்த்து அடிக்கும் குத்து அது. 1994இல் 45 வயதில், 250 பவுண்ட் உடம்போடு, 1974இல் கின்ஷாசாவில் அலியிடம் தோற்றபோது அணிந்த அதே சிவப்புக் கால்சட்டையை அணிந்துகொண்டு மைக்கேல் மூரரை எதிர்கொண்டார். மூன்று நடுவர்களின் கணக்கிலும் தோற்றுக்கொண்டிருந்தவர், 10வது சுற்றில் குட்டையான ஒரு வலது கையால் 26 வயது சாம்பியனைப் படுக்க வைத்தார். கால் போகும், வேகம் போகும், குத்து மட்டும் கடைசியில்தான் போகும் என்பது ரிங்குக்காரர்கள் நம்பும் விஷயம். அதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஃபோர்மனா ஷேவர்ஸா என்று கேட்டால், இருவரிடமும் வாங்கிய ரான் லைல் ஷேவர்ஸ் என்றார். இத்தனைக்கும் லைல் வென்றது ஷேவர்ஸை, தோற்றது ஃபோர்மனிடம். ஹோம்ஸ் சொன்ன அதே வடிவம். அடுத்தடுத்து விழும் அடிகளில் ஒருவனை முறிப்பது ஃபோர்மன், ஒரே ஒரு வலது கை என்றால் ஷேவர்ஸ், உடம்பின் எடைக்கு ஏற்ற கணக்கு என்றால் லூயிஸ் என்பது என் தீர்ப்பு. இன்றைய ஆட்களை நான் குறைத்துப் பேசவில்லை. தன்னைவிட இருபது கிலோ கூடிய ஃப்யூரியை 2018இல் 12வது சுற்றில் வைல்டர் வீழ்த்திய விதம் எந்தக் காலத்திலும் நிற்கும். ஃப்யூரி எழுந்தார் என்பது ஃப்யூரியின் பெருமை.

இனி அலி. லிஸ்டன், ஃபிரேசியர், ஃபோர்மன், ஷேவர்ஸ், ஹோம்ஸ் என்று இத்தனை பேரிடமும் வாங்கிய தாடை வேறு யாருக்கும் இல்லை. 1977 செப்டம்பர் 29 அன்று மாடிசன் ஸ்கொயர் கார்டனில் இரண்டாவது சுற்றிலேயே ஷேவர்ஸின் வலது கை அலியைப் பிடித்துவிட்டது. கால்கள் துவண்டன. அலி உடனே கண்ணை உருட்டி, தள்ளாடுவதுபோல் மிகைப்படுத்தி நடித்தார். உண்மையிலேயே கலங்கியவன் கலங்கியதுபோல் நடித்தான்! பாசாங்கு என்று நினைத்து ஷேவர்ஸ் தயங்கி நின்றார். அந்தத் தயக்கத்தில் சண்டை கைநழுவியது. 15 சுற்று முடிவில் அலி புள்ளியில் வென்றார். ஆப்பிரிக்காவில் இருக்கும் தன் மூதாதையரையே அந்தக் குத்து உலுக்கிவிட்டது என்று பின்னாளில் அவர் சொன்னதை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். எனக்கு அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடிவதில்லை. ஏனென்றால் அந்தச் சண்டைக்குப் பிறகு அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, அலிக்கும் அவர் மனைவிக்கும் மேலாளருக்கும் கடிதம் எழுதினார். சண்டையை விடச் சொன்னார். யாரிடமிருந்தும் பதில் வராததால் அலியின் அணியை விட்டே விலகினார்.

1980இல் அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை. எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ்; அலியின் ஊரான லூயிவில்காரர், சிறுவயதுத் தோழர், முன்னாள் உலக சாம்பியன். 1973 ஜூனில் அந்த எல்லிஸ், ஷேவர்ஸை முதல் சுற்றிலேயே தள்ளாட வைத்தார். அடுத்த சில நொடிகளில் கீழிருந்து எழும்பிய ஒரே ஒரு வலது கையில் சாய்ந்தார். ஆக, அன்று சென்னை ரிங்கில் ஒருவரையொருவர் மெல்லத் தட்டிக்கொண்ட இருவரும் அதே வலது கையை வாங்கியவர்கள். அலியைக் கண்ணால் பார்த்த பெருமையைச் சொல்லிச் சொல்லி மகிழும் பெரியவர்கள் வடசென்னையில் இன்னும் இருக்கிறார்கள். அன்றைய கூட்டம் அவர் கால்களைப் பார்த்தது, அந்தச் சிரிப்பைப் பார்த்தது. எல்லிஸின் நினைவு பிற்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து, 2014இல் இறந்தார். அலிக்கு 1984இல் பார்க்கின்சன் நோய் என்று கண்டுபிடித்தார்கள். நேரு ஸ்டேடியத்தில் அவர் கையுறையை உயர்த்தியபோது பச்சேகோ கடிதம் எழுதி இரண்டு வருடம் தாண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் லாஸ் வேகாஸுக்குப் போனார், ஹோம்ஸைச் சந்திக்க.

(தொடரும்)